லைலாவின் ஆயுசு

தொம்மலூர் கால்நடை டாக்டரம்மா, லைலாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“நாலு தடவை குட்டி போட்டாச்சு. உடம்புல இருந்த சத்தெல்லாம் அதுங்களுக்கே போயிடுச்சு. இன்னொரு தடவைன்னா சீக்கிரமே கிழடு தட்டிடும். ஆபரேஷன் பண்ணிட்டா இன்னும் ரொம்ப வருஷம் இருக்கும்.”

நரேஷின் கண்கள் கலங்கின.

“நாளைக்கே பண்ணிடுங்க மேடம். பாவம், வாயில்லா ஜீவன். எத்தனை தடவைதான் தாங்கும்?”

நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“வா ரூபினி, போகலாம்.”

மூன்று பெண்களைப் பெற்றவள், நான்காவதைச் சுமக்கும் நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, இதுவும் பொண்ணாவே பொறந்தாலும் இதோட போதும். எனக்கும் ஆபரேஷன் பண்ணச் சொல்லிடுங்க.”