கடைசி பெஞ்சு ஜெபம்

ஜெபத்தின்போது சியாமி வாயைத் திறப்பதே இல்லை என்பதை மூப்பர் ரொசங்கா மூன்று ஞாயிறாகப் பார்த்துவிட்டார். கண்ணை மூடியிருக்க வேண்டியவர் எப்படிப் பார்த்தார் என்று சபையில் யாரும் கேட்கவில்லை.

மிசோரம் மலைநகரமான அய்ஸாலில் அந்தச் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பார்கள். தகரக் கூரை அதிரும். யார் என்ன கேட்கிறார்கள் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். முன் வரிசை மூப்பரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். கீரை விற்கிற சியாமி மட்டும் கடைசி பெஞ்சில் ஊமையாக நிற்பாள்.

மூப்பரைக் குழப்பியது இன்னொன்று. கடைசி பெஞ்சுக்காரர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு விதவையின் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வந்தது. தனியாகக் கிடந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரித் துணைக்கு ஆள் வந்தது. அவரோ எட்டு மாதமாக ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார். அவர் கைநீட்டி அடித்ததால் வீட்டைவிட்டுப் போன மகன் மாவியா திரும்பி வர வேண்டும். ஆண்டவர் அசையவே இல்லை.

ஒருவேளை ஆண்டவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாரோ என்னவோ. அந்த ஞாயிறு கௌரவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மூப்பரும் கடைசி பெஞ்சுக்குப் போனார். ஆண்கள் பக்கம் ஓரத்தில் அவர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் சியாமி.

சத்தம் எழுந்ததும் அவருக்குத் தைரியம் வந்தது.

"தப்பு என்மேலதான் ஆண்டவரே. அதை அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலையே" என்று அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் சியாமியின் உதடு மூடியே இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நாலு பேர் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்கல்லாம் தொண்டை கிழிய ஜெபிக்கிறோம். நீ வேடிக்கை பார்க்கவா வர்றே?"

"எனக்கு அப்படிச் சத்தமா வராதுங்க மூப்பரே."

அடுத்த ஞாயிறு சபைக் குழு விசாரிக்கும் என்று சொல்லிவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை மாவியா வீட்டு வாசலில் வந்து நின்றான். மூப்பருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் போய் நின்று கேட்டதால்தான் ஆண்டவர் செவிசாய்த்தார் என்று சொல்லிப் பூரித்தார்.

மகன் தயங்கினான். "தப்பு உங்கமேலதான்னு சொல்லி அழுதீங்களாமேப்பா?"

"அதை நான் ஆண்டவர்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்?"

"சியாமி அத்தை நான் இருக்கற இடத்தை விசாரிச்சு, சூமோ வண்டி பிடிச்சு, அவ்வளவு தூரம் லுங்லேய் ஊருக்கே வந்து சொன்னாங்க. பக்கத்துல யார் எதுக்கு அழறாங்கன்னு காது கொடுத்துக் கேட்டு, தன்னால ஆனதைச் செய்வாங்களாம். அதான் அங்கே வாயைத் திறக்கறதில்லையாம்."

மூப்பர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதமாக வராத வார்த்தை அப்போது வந்தது.

"தப்பு என்மேலதான்டா."

நாளைக்குச் சபை முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

மாவியா பதறினான். "வேண்டாம்ப்பா. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. 'ஆண்டவர்தான் கேட்டுச் செஞ்சார்னு உங்கப்பா நினைச்சுக்கட்டும், அதுல பொய் ஒண்ணும் இல்லையே'ன்னாங்க."