தையல்காரர் வீட்டு வாளி

வீடு வீடாகச் சமையல் கழிவை வாங்கி ஊர் உரக்குழியில் கொட்டுகிற வண்டிக்காரி, அன்று தையல்காரரின் வாளியை மட்டும் எடுக்கவில்லை.

"பிளாஸ்டிக்கைப் பிரிச்சு வச்சாத்தான் எடுப்பேன், மாமா."

"கண்ணு சரியாத் தெரியலம்மா."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே அவர் இறந்துபோனார். தனிக்கட்டை, வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை அந்த வாசலில் வாளி இருந்தது. காய்த்தோல், முட்டை ஓடு, ஈரம் காயாத தேயிலைச் சக்கை. பிளாஸ்டிக் துணுக்குகூட இல்லை.

"சாவி என்கிட்டதான் இருக்கு. யாரும் உள்ள போகல," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வண்டிக்காரி வாளியை வண்டியில் கவிழ்த்துவிட்டுக் கதவருகே வந்தாள். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மாமா," என்றாள் மெல்ல.

உள்ளே குழாயைத் திறந்து, யாரோ நிதானமாகக் கை கழுவுகிற சத்தம் கேட்டது.