கரும்பு வண்டிக்கு முட்டுக்கல்

மேட்டுச் சாலையில் கரும்பு டிராக்டர் திணறி நிற்கிறது. டிரெய்லர் பின்னால் உருளாமல் இருக்க, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்திருக்கிறார்கள். நான்கு முழம் கீழே, ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே ஒடுங்கியபடி ஒன்பதாம் வகுப்பு ஜெயபிரியா. ஆட்டோவை ஒட்டிப் பின்னால் ஒரு லாரி. "கல்லு தாங்குங்களாண்ணா?" என்று கேட்கிறாள். "தாங்கும், சும்மா குந்து," என்கிறார் ஆட்டோ ஓட்டும் திருமால், கண்ணைக் கல்லிலிருந்து எடுக்காமல். அவள் மடியில் நேற்றுத் திருத்திக் கொடுத்த அறிவியல் தாள். 'அசையாமல் கிடக்கும் கல்மேல் எந்த விசையும் இல்லை' என்று எழுதியதைச் சிவப்பு மை அடித்திருக்கிறது. வெயிலில் கரும்புச் சோகை சரசரக்கிறது. கல்லின் ஓரம் நறநறவென்று நொறுங்கி, ஒரு சில்லு தெறித்து ஆட்டோ கண்ணாடியில் படுகிறது. கல் இன்னும் நகரவில்லை. மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்று அவள் அடக்கிக்கொண்டிருக்கிறாள்.