உழக்கும் உரிமை

“கள்ளன்! கள்ளன்! கையும் களவுமாப் பிடிச்சிட்டன், ஓடி வாங்கோ!”

பொழுதுபடும் நேரத்தில் குஞ்சித்தம்பி போட்ட சத்தத்துக்கு ஈச்சிலம்பற்றின் அந்த ஒழுங்கை வீடுகளில் இருந்த சனம் முழுக்க ஓடி வந்தது. வேலியைப் பிரித்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள் பாய்ந்திருந்த அவர், ஆனந்தராசாவின் சாரத்தை இறுகப் பிடித்திருந்தார். ஆனந்தராசாவோ தன் சொந்த வளவுக்குள், ஸ்ராண்டில் நிறுத்திய தன் சொந்தச் சைக்கிளில், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு இருந்தான்.

“இவன் என்னத்தைக் களவெடுத்தவன்?” என்று கேட்டார் கோயில் தலைவர் கந்தப்போடி.

“என்ர மூளையை!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குஞ்சித்தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். சண்டைக் காலம். கரண்ட் எப்போதோ போய்விட்டது. பற்றறியைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவர விடமாட்டார்கள். ஊரிலிருந்த ரேடியோக்கள் எல்லாம் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தன. சைக்கிள் டைனமோவின் வயரை ரேடியோவில் கொழுவி, சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுப் பெடலை உழக்கினால் அது கதைக்கும் என்று அந்த ஊரில் முதலில் கண்டவர் குஞ்சித்தம்பிதான். உழக்குவதை நிறுத்தினால் ரேடியோவும் வாயை மூடிவிடும்.

ஒரு கிழமைக்குள் ஊரே அதைக் காப்பி அடித்துவிட்டது. பின்னேரம் நாடகம் தொடங்கினால் வீட்டுக்கு வீடு ஒரு மனிசன் சைக்கிளில் ஏறி உழக்குவான். மனிசி பாயில் இருந்து கேட்பாள். இதைக் கண்டுபிடித்தது இன்னார் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. அவர் பெயரில் ஊரில் ஒரு கிணறுகூடக் கிடையாது. இதுவும் போனால் மனிதர் என்னதான் செய்வார்?

“நாளைக்குக் காலமை சங்கக்கடையடியில விசாரிப்பம்,” என்றார் கந்தப்போடி. குஞ்சித்தம்பி சாட்சிப் பொருளாக ஆனந்தராசாவின் சைக்கிளை டைனமோவோடு உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் பூட்டி வைத்தார்.

விடிந்ததும் கூட்டுறவுச் சங்கக்கடை முற்றம் நிறைந்துவிட்டது. ஆனந்தராசாவின் மனைவி குணமணிதான் முதலில் எழும்பினாள்.

“நேற்று எங்களுக்கு நாடகம் போச்சு. அந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறினதோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் நித்திரையே கொள்ளயில்லை. முதல்ல சைக்கிளைத் தரச் சொல்லுங்கோ!”

ஆனந்தராசா கெண்டைக்காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அடிதடிதான் என்று சனம் காத்திருக்க, அவன் கும்பிட்டபடி எழும்பினான்.

“பிழை என்னிலதான். நேற்று ராத்திரி எங்கட ரேடியோவில விளக்கமாச் சொன்னாங்கள். ஒருத்தர் ஒண்டைக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேட்டன்ற் எண்டு ஒரு உரிமை இருக்காம். வெளிநாட்டில கம்பியூட்டருக்குள்ள போடுற கணக்குக்குக்கூட அதை வாங்கி வைக்கிறாங்களாம். மறுகா வேற ஆரும் தொட ஏலாது. இந்த ஊரில ரேடியோவுக்குச் சைக்கிள் உழக்கிற உரிமை குஞ்சித்தம்பி அண்ணைக்கு மட்டும்தான்!”

குஞ்சித்தம்பி சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். பிடித்துக் கொடுத்த கள்ளனே தனக்காக வழக்குப் பேசுவான் என்று யார் கண்டது?

“வேற ஒருத்தரும் உழக்கக் கூடாது. அப்பிடித்தானே?” கந்தப்போடி தன் முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“ஒருத்தரும் கூடாது,” என்று குஞ்சித்தம்பி நெஞ்சை நிமிர்த்தினார்.

“அப்ப தீர்ப்பு அதுதான்.”

ஆண்கள் எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனந்தராசா வந்து கட்டிப்பிடித்தபோது குஞ்சித்தம்பிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அன்று நாடக நேரத்துக்கு ஒழுங்கைப் பெண்கள் பாயும் பிள்ளைகளுமாக அவருடைய வளவுக்குள் வந்து இறங்கினார்கள். வேறு எங்கே போவார்கள்? குஞ்சித்தம்பி பெருமையோடு சைக்கிளில் ஏறினார்.

“நல்லா உழக்குங்கோ, ஊரே பாக்குது,” என்று முன்வரிசையில் இருந்து சொன்னாள் அவர் மனைவி தங்கமுத்து.

நாடகம் முடிந்தது. அவர் இறங்கப் போனார். “இருங்கோ, இனிப் பாட்டு,” என்றார்கள். பாட்டு முடியச் செய்தி. செய்தி முடிய மரண அறிவித்தல். அதில் தெரிந்த ஆட்கள் யாரும் இருக்கக்கூடுமாம். கால் தளர்ந்தபோதெல்லாம் ரேடியோ முனகியது. “உழக்குங்கோ! உழக்குங்கோ!” என்று குணமணி கத்தினாள்.

வேலியோரம் ஒழுங்கை ஆண்கள் காலை நீட்டி இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நிம்மதியான முகங்களை அந்த ஊரில் கண்டு கனகாலம்.

“ஆனந்தராசா, நீ கொஞ்சம் ஏறி உழக்கன், தம்பி,” குஞ்சித்தம்பிக்கு மூச்சு வாங்கியது.

“ஐயோ, அது உங்கட உரிமையெல்லோ!”

“எனக்கு ஒரு உரிமையும் வேண்டாமடா!”

“சொன்ன தீர்ப்பைத் திருப்ப ஏலாது,” என்றார் கந்தப்போடி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி.

அப்போதுதான் குஞ்சித்தம்பியின் கண், தன் வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த ஆனந்தராசாவின் சைக்கிளில் பட்டது. பூட்டுக்கூட இன்னும் கழற்றவில்லை.

“டேய்! நேற்று ராத்திரி முழுக்க உன்ர சைக்கிள் இஞ்சயெல்லோ கிடந்தது! அப்ப அந்தப் பேட்டன்ற் கதையை நீ எந்த ரேடியோவிலயடா கேட்டனீ?”

ஆனந்தராசா காலை இன்னும் கொஞ்சம் வசதியாக நீட்டிக்கொண்டான்.

“அது என்ர கண்டுபிடிப்பு, அண்ணை.”