ஏழாம் நம்பர் அலாரம்

எண்ணெய்க் குழாய்ப் பாதையின் ஏழாம் நம்பர் கொட்டகையில் அவர் ஒற்றை ஆள். ஓடுகிற எண்ணெயைச் சோதனைக்காகச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும் பாட்டிலைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தினமும் சரியாக மூன்று மணிக்கு அந்தப் பாட்டிலின் மூடியை அவரே கொஞ்சம் தளர்த்திவிடுவார். மூடி தளர்ந்தால் தொலைவில், கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் அலாரம் அடிக்கும் என்பது ஏற்பாடு. அங்கே வேலை பார்க்கும் பெண்மணி உடனே போன் போடுவார்.

“அண்ணே, ஏழாம் நம்பர் கத்துது. மூடியைப் பாருங்க.”

“இதோ, முறுக்கிட்டேம்மா.”

“சாப்பிட்டீங்களா?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை தில்லுமுல்லும். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அதைக் கேட்க அவருக்கு வேறு நாதியில்லை.

இன்று கம்ப்யூட்டர் மெக்கானிக் வருடாந்திரச் சோதனைக்கு வந்து உட்கார்ந்துவிட்டதால் மூடியில் கை வைக்க முடியவில்லை. குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம் வேறு.

“மூடி அடிக்கடி லூசாயிடுது தம்பி. அதான் தினமும் அலாரம்...” என்று முந்திக்கொண்டார்.

“எந்த அலாரம் சார்?” மெக்கானிக் எலி கடித்த ஒயரைத் தூக்கிக் காட்டினான். “பதிவைப் பார்த்தா இது அறுந்து நாலு மாசமாச்சு. இங்கேருந்து ஒண்ணுமே அங்க போகலை. ஏன் இத்தனை நாளா யாருமே புகார் குடுக்கலைன்னுதான் புரியலை.”

மணி மூன்று. போன் அடித்தது.

“அண்ணே, ஏழாம் நம்பர் கத்துது.”

இறுக்கமாக இருந்த மூடியை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஆமாம்மா, இன்னிக்கு ரொம்பவே லூசா இருக்கு. முறுக்க நேரமாகும், லைன்லயே இருங்க. நீங்க சாப்பிட்டீங்களா?”