நாலு காதுக் குட்டி

தாய் முயல் இன்றைக்கும் பெட்டிக்குள் இறங்கவில்லை.

கொட்டகை வாசலில் ஆட்கள் நின்றால் அது இறங்காது. ஆட்கள் நிற்காத நேரம் என்று ஒன்று நேற்றிலிருந்து இல்லை.

பூவாத்தா கம்பிக் கதவில் சாய்ந்து நின்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல், நிற்க முடியாததால்தான் சாய்ந்திருந்தாள்.

பெட்டிக்குள் கிடந்த குட்டிகளில் ஒன்றுக்கு நாலு காது. அதைப் பார்க்கத்தான் ஊர் திரண்டிருந்தது. கண்கூடத் திறக்காத குட்டிக்கு யாரோ கேரட் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோயில் பூசாரி சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். குறுக்கே நின்று தடுத்தாள். இன்னொருவர் கூண்டில் எலுமிச்சம்பழம் கட்டினார். அவிழ்த்தால் சாமிக்குத்தமாம்.

"தாய் பால் குடுக்கோணுமுங்க. செத்த அந்தண்ட போய் நில்லுங்க."

நேற்றிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். "ஆமாமுங்க, பாவம்" என்றார்கள். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார்கள்.

முயல் நாளுக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் சில நிமிடம்தான். நேற்றைய தடவை கூட்டத்தோடு போய்விட்டது. குட்டிகளின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தது. இன்றும் தவறினால் நாளைக்கு யாரும் பார்க்க வர வேண்டியிருக்காது.

ஒன்றியத் தலைவர் வந்தார். கூடவே மாலை, மைக், நடந்தே வரக்கூடிய தூரத்துக்கு நாலைந்து கார்.

மைக்கைத் தட்டினான் சென்னியப்பன். தலைவர் வாய் திறப்பதற்கு முன்னால் பேசுவது அவன் வேலை.

"மக்கள் குறையெக் கேக்கறதுக்கு நமக்கெல்லாம் ரெண்டு காது. நம்ம அண்ணனுக்கு நாலு! அதைய இயற்கையே வந்து சொல்லியிருக்குது!"

கைதட்டல். தாய் முயல் கூண்டு மூலையில் போய் ஒடுங்கியது.

"தாய் பால் குடுக்கோணுமுங்க" என்றாள்.

"பூவாத்தாக்கா, குட்டியெ வெளிய கொண்டாங்க. அண்ணன் பேரு வெக்கோணும்."

அவள் உள்ளே போனாள்.

பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அடுத்த கூண்டின் பெட்டிக்குள் கையை விட்டாள். அதே வயதுக் குட்டி. அதன் தாய்க்கு ஆள் பயமில்லை. விடியலிலேயே குடித்து, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. காது இரண்டுதான். ஒரு குறையுமில்லை.

துண்டில் சுற்றிக் கொண்டுபோய்த் தலைவர் கையில் வைத்தாள். சாலையோரப் பந்தலுக்கு அவர் நடந்தார். கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போனது.

தலைவர் துண்டை விலக்கினார்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரும்பி ஒருமுறை அவளைப் பார்த்தார்.

செல்போன்கள் எல்லாம் உயர்ந்தபடி இருந்தன.

"நாலு" என்றார்.

"நாலேதான்!" என்றது கூட்டம்.

பூசாரிக்கு ஐந்தாவதும் தெரிந்தது.

குழைத்த சந்தனத்துக்கு ஒருவழியாக ஒரு நெற்றி கிடைத்தது. குட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு கை அதைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது.

அவள் கொட்டகைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு தாய் முயல் பெட்டிக்குள் இறங்கியது. அடிவயிற்று ரோமத்துக்குள் முட்டி மோதும் சலனம். நாலு காதுக் குட்டி இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை காம்பைப் பிடித்துவிட்டது.

அவள் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். கண்கள் தானாக மூடிக்கொண்டன.

அடுத்த கூண்டுத் தாய் பின்னங்காலால் தரையை உதைக்கும் சத்தம்.

நின்றது. மறுபடி உதைத்தது.

வெளியே மைக்கில் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.