ஊதுபத்தி வேலை

குளக்கரைப் பள்ளியில் கடைசி வகுப்பு முடிந்தது. பிறவியிலேயே ஒரு கால் இல்லாத கொக்கு இனி என்ன செய்யும் என்று முடிவெடுக்கத் தலைமையாசிரியர் ஆந்தை கூட்டம் போட்டார். சிறப்பு விருந்தினர் மயில். கொக்கை மேடையேற்றி, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள்.

"தன்னம்பிக்கைக்கு இவன்தான் எடுத்துக்காட்டு. இவனுக்கு ஊதுபத்தி உருட்டுற வேலை சொல்லி வச்சிருக்கேன்," என்றார் மயில்.

"ஐயா, நான் மீன் பிடிக்கப் போறேன்," என்றது கொக்கு. "வகுப்பிலேயே நான்தான் நல்லாப் பிடிப்பேன்."

"ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு தண்ணியில எப்படிப்பா நிப்பே? பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே," என்றார் ஆந்தை. எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தது.

சாப்பாடு முடிந்து ஆந்தையும் மயிலும் குளத்தோரமாகத் திரும்பினார்கள். தண்ணீரில் ஊர்க் கொக்குகள் எல்லாம் வழக்கம்போல் ஒரு காலை மடக்கிக்கொண்டு மீனுக்காக வரிசையாய் நின்றிருந்தன. நடுவில் பொன்னாடையோடு நின்ற கொக்கின் வாயில் மட்டும் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

ஆந்தை நின்று, வரிசை முழுவதையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பாவம். இத்தனை பேருக்கும் ஊதுபத்தி வேலைக்கு எங்கே போறது?"